மெஷின் தூங்கும், ஹோஸ் தூங்காது

சென்னையிலிருந்து நெல்லூர் போகும் பெரிய சாலையில், ஆந்திர எல்லையைத் தாண்டியதும் தடா வரும். அதற்கு மேற்கே இருக்கிறது ஸ்ரீசிட்டி. 2022 ஏப்ரல் வரை அது சித்தூர் மாவட்டம், இப்போது திருப்பதி மாவட்டம். சாக்லேட்டிலிருந்து ஏசி வரைக்கும் செய்கிற தொழிற்சாலைகள் அங்கே உண்டு. 2025 மே 8-ஆம் தேதி எல்ஜி நிறுவனம் ஸ்ரீசிட்டியில் ஒரு புதிய தொழிற்சாலைக்கு அடிக்கல் நாட்டியது. எல்லாப் பகுதிகளும் ஓடத் தொடங்கிய பிறகு ஆண்டுக்கு 8.5 லட்சம் வாஷிங் மெஷின்கள் வெளியே வரும் என்பது திட்டம்.

எட்டரை லட்சம் மெஷின் என்றால் குறைந்தது எட்டரை லட்சம் ஹோஸ். ஒன்றுக்கு ஒன்றரை மீட்டர் என்று வைத்தாலும் 1,275 கிலோமீட்டர் ஆகிறது. சென்னையிலிருந்து மும்பைக்கு ரயிலில் போகிற தூரம்! ஆனால் மெஷின் வாங்கும்போது கதவு எந்தப் பக்கம் திறக்கும், எத்தனை கிலோ துணி பிடிக்கும், என்ன கலர் என்று பத்துக் கேள்வி கேட்கிற நம் வீட்டுப் பெரியவர்கள், அதன் முதுகில் தொங்குகிற ஹோஸைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்பதில்லை. அதனால் நாம் கேட்போம்.

முதல் கேள்வி. வாஷிங் மெஷினுக்குத் தண்ணீர் கொண்டுவரும் ஹோஸ் எந்த நேரத்தில் அதிகமாகச் சிரமப்படும்?

‘துணி துவைக்கும்போது’ என்றுதானே சொல்ல வந்தீர்கள்? இல்லை. மெஷின் சும்மா நிற்கும்போது.

மெஷினுக்குள் தண்ணீர் நுழையும் வாசலில் ஒரு சின்ன வால்வு இருக்கிறது. அதன் பெயர் சோலனாய்டு வால்வு. கம்பிச் சுருளில் மின்சாரம் பாய்ந்ததும் அது காந்தமாகி ஓர் இரும்புத் துண்டை இழுக்கும், வழி திறக்கும். மின்சாரம் நின்றதும் ஒரு ஸ்பிரிங் அந்தத் துண்டைத் திரும்பத் தள்ளும்; வழி மூடும். துவைக்க ஆரம்பிக்கும்போது பின்னாலிருந்து ‘டிக்’ என்று ஒரு சத்தம் கேட்கிறதே, அது இவருடைய வேலை.

இந்த வால்வு எங்கே இருக்கிறது என்று கவனியுங்கள். ஹோஸின் மெஷின் பக்க முனையில். அதாவது சுவரில் இருக்கும் குழாயைத் திறந்தே வைத்திருந்தால், மெஷின் ஓடினாலும் ஓடாவிட்டாலும் ஹோஸுக்குள் தண்ணீர் நிரம்பி முட்டிக்கொண்டு நிற்கிறது. தண்ணீர் ஓடும்போதாவது அழுத்தத்தில் ஒரு பங்கு, பைப்பின் சுவரில் உரசிக்கொண்டு நகர்வதில் செலவாகிவிடும். நிற்கும் தண்ணீருக்கு அந்தச் செலவு இல்லை. முழு அழுத்தமும் ஹோஸின் மேல்தான். மெஷின் ஒரு மணி நேரம் உழைத்துவிட்டுத் தூங்கப் போகும். ஹோஸுக்கு மீதி 23 மணி நேரமும் டியூட்டி.

அந்த அழுத்தம் எவ்வளவு? இதற்கு மீட்டர் எதுவும் வேண்டாம், மொட்டை மாடியைப் பார்த்தால் போதும். தண்ணீரின் அழுத்தம் அது எவ்வளவு உயரத்திலிருந்து இறங்குகிறது என்பதைப் பொறுத்தது. 10 மீட்டர் உயரத்துக்கு ஏறக்குறைய 1 பார். ஒரு பார் என்றால் ஒரு சதுர சென்டிமீட்டர் இடத்தில் ஒரு கிலோ எடையை வைத்தது மாதிரி. டேங்க் பெரிதா சிறிதா என்பதற்கு இதில் இடமே இல்லை. 500 லிட்டர் டேங்கும் 5,000 லிட்டர் டேங்கும் ஒரே உயரத்தில் இருந்தால் கீழே ஒரே அழுத்தம்தான்.

தனி வீட்டில் மொட்டை மாடி டேங்குக்கும் மெஷினுக்கும் 3 மீட்டர் வித்தியாசம் இருந்தால் 0.3 பார். பல கம்பெனிகளின் கையேடுகளில், மெஷினுக்குக் குறைந்தது 0.3 அல்லது 0.5 பார் வேண்டும் என்றும், 8 அல்லது 10 பாருக்கு மேல் போகக்கூடாது என்றும் போட்டிருப்பார்கள். அப்படியானால் தனி வீட்டுக்காரர்களுக்குத் தண்ணீர் மெதுவாக வருகிறதே என்ற கவலை. அபார்ட்மென்டின் தரைத் தளத்தில் இருப்பவர்களுக்கு 15 மீட்டர் உயரத்திலிருந்து 1.5 பார் வந்து இறங்கும். பிரஷர் பம்ப் வைத்த வீடுகளில் 2, 3 பார்கூட இருக்கும். ஒரே தெருவில் மூன்று வீட்டு ஹோஸ்களுக்கு மூன்று விதமான வாழ்க்கை.

திருப்பதியில் இருக்கும் பிள்ளைகளுக்கு இதைவிடப் பெரிய கணக்கு ஒன்று கண் முன்னாலேயே இருக்கிறது. அலிபிரியிலிருந்து திருமலைக்கு நடந்து போயிருக்கிறீர்களா? 3,550 படிகள். கீழே உள்ள ஊருக்கும் மேலே உள்ள கோயிலுக்கும் உயர வித்தியாசம் சுமார் 700 மீட்டர். மேலேயிருந்து கீழே வரை ஒரே பைப்பைப் போட்டு, தண்ணீர் நிரப்பி, அடியில் மூடி வைத்தால் அங்கே அழுத்தம் எவ்வளவு? கிட்டத்தட்ட 70 பார்! வாஷிங் மெஷின் ஹோஸை அதில் மாட்டினால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. சந்திரகிரிப் பக்கத்துக் கல்யாணி அணையிலிருந்து திருமலைக்குத் தண்ணீரை பம்ப் செய்து ஏற்றுகிறார்கள். ஒவ்வொரு மீட்டர் உயரத்துக்கும் பம்ப் கூலி கொடுத்தாக வேண்டும். நடந்து ஏறியவர்களுக்கு அந்தக் கூலி எவ்வளவு என்று முழங்கால் சொல்லும்.

ஆழம் கூடக் கூட அழுத்தம் கூடும் என்பதைத் திருப்பதிக்காரர்கள் 2021 நவம்பரில் பயத்தோடு பார்த்தார்கள். பெருமழையில் ராமச்சந்திராபுரம் மண்டலத்திலுள்ள ராயலசெருவு என்ற பழைய ஏரி நிரம்பித் ததும்பியது. ஏரிக் கரையில் கசிவு தெரிந்தது. கரைக்குக் கீழே இருந்த கிராமங்களிலிருந்து மக்களை வெளியேறச் சொன்னார்கள்; மணல் மூட்டை அடுக்கிக் கரையைக் காப்பாற்றினார்கள். ஏரிக் கரை அடியில் அகலமாகவும் மேலே குறுகலாகவும் இருப்பது ஏன் என்று இப்போது உங்களுக்கே தெரியும். அடியில்தான் தண்ணீர் அதிகமாகத் தள்ளுகிறது.

சரி, ஹோஸுக்கு வருவோம். உள்ளே 1 சென்டிமீட்டர் அகலமுள்ள ஹோஸ். அழுத்தம் 1 பார்தான். ‘ஒரு கிலோதானே’ என்று நினைக்கத் தோன்றும். ஆனால் அது ஒவ்வொரு சதுர சென்டிமீட்டருக்கும் ஒரு கிலோ. ஒரு மீட்டர் நீள ஹோஸை நெடுக இரண்டாகப் பிளக்கப் பார்க்கும் விசையைக் கணக்குப் போட்டால், அகலம் 1 செ.மீ., நீளம் 100 செ.மீ.; ஆக 100 கிலோ எடைக்குச் சமம்! 3 பார் என்றால் 300 கிலோ. விரல் தடிமன் ஹோஸின் சுவர் இதை இரவும் பகலும் தாங்கிக்கொண்டிருக்கிறது.

வெறும் ரப்பரோ வெறும் பிளாஸ்டிக்கோ இதை நீண்ட நாள் தாங்காது. மெதுவாக இழுபட்டு உப்பிவிடும். உப்பிய இடத்தில் அகலம் கூடுகிறது. அகலம் கூடினால் அங்கே பிளக்கும் விசையும் கூடும். அதனால் இன்னும் உப்பும். இந்த விஷயத்தில் ஹோஸுக்கு இரக்கமே கிடையாது: எங்கே பலவீனமோ அங்கேயே சுமை ஏறும். ஆகவே ஹோஸில் வெடிப்பைவிட உப்பலைப் பார்த்தால் நான் அதிகம் பயப்படுவேன்.

இதற்கு மருந்துதான் பின்னல். தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் கண்ணாடி மாதிரியான ஹோஸ் கிடைத்தால் உற்றுப் பாருங்கள். சுவருக்குள் வெள்ளை நூல்கள் குறுக்கும் மறுக்கும் ஓடி, சாய்சதுரக் கட்டங்களாகத் தெரியும். மெஷின் ஹோஸிலும் அப்படித்தான். உள்ளே ரப்பர் அல்லது பிவிசி குழல், அதன்மேல் பாலியஸ்டர் நூல் பின்னல், அதற்கும் மேலே ஒரு தோல். சிலவற்றில் வெளியே எஃகுக் கம்பிப் பின்னல். தண்ணீரைக் கசியாமல் வைத்துக்கொள்வது உள்குழலின் வேலை. அழுத்தத்தைத் தாங்குவது பின்னலின் வேலை.

இந்தப் பின்னலை எந்தக் கோணத்தில் போடுவது? நூலை ஹோஸின் நீளவாட்டில் ஓடவிட்டால், நீளாமல் பார்த்துக்கொள்ளும். ஆனால் பக்கவாட்டில் உப்பும். வளையல் மாதிரி சுற்றிச் சுற்றிப் போட்டால் உப்பாது, ஆனால் நீளும். நடுவில் எங்கோ ஒரு கோணம் இருக்க வேண்டும், அல்லவா? இருக்கிறது. ஹோஸின் சுவரில் சுற்றுவாட்டு இழுப்பு, நீளவாட்டு இழுப்பைப் போலச் சரியாக இரண்டு மடங்கு. நூல்கள் இரண்டையும் அதே விகிதத்தில் பங்கு போட்டுத் தாங்க வேண்டுமானால், ஹோஸின் நீளத்துக்கு 54.7 டிகிரி சாய்வில் ஓட வேண்டும்.

நோட்டுப் புத்தகத்தில் இதை வரைந்து பார்க்கலாம். அடிப்பக்கம் 10 செ.மீ., உயரம் 14.1 செ.மீ. உள்ள ஒரு செங்கோண முக்கோணம் வரையுங்கள். அடிப்பக்கத்துக்கும் சாய்ந்த பக்கத்துக்கும் இடையில் பாகைமானியை வையுங்கள். அதுதான் அந்தக் கோணம். 14.1 எங்கிருந்து வந்தது என்று கேட்பவர்களுக்கு: 2-இன் வர்க்கமூலம் 1.41. மேலே சொன்ன ‘இரண்டு மடங்கு’ இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறது. பெரிய வகுப்பு அண்ணனோ அக்காவோ இருந்தால் மீதியை அவர்களிடம் பிடுங்கிக்கொள்ளுங்கள்.

பின்னல் 54.7 டிகிரியைவிடக் குறைவான சாய்வில் இருந்தால், தண்ணீர் திறந்ததும் ஹோஸ் குட்டையாகிப் பருக்கும். அதிகமாக இருந்தால் நீண்டு மெலியும். இரண்டிலும் நூல் தன் இஷ்டக் கோணத்தைத் தேடிப் போகிறது. தண்ணீர் திறக்கும்போது ஹோஸ் துள்ளி நெளிவதைப் பார்த்திருந்தால், அதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். நல்ல ஹோஸ் அலட்டிக்கொள்ளாமல் கிடக்கும்.

மனிதர்களுக்கு முன்னாலேயே இந்தக் கணக்கைப் போட்டவர்கள் உண்டு. கடலில் வாழும் ரிப்பன் புழுக்களின் தோலில் நூலிழைகள் இதே மாதிரி குறுக்கும் மறுக்கும் சுற்றியிருக்கின்றன. 1958-இல் கிளார்க், கோவி என்ற இரண்டு விலங்கியலாளர்கள் இதை ஆராய்ந்து எழுதினார்கள். புழு நீண்டாலும் சுருங்கினாலும் அதன் இழைகளின் கோணம் மாறிக்கொண்டே இருக்கும். அந்தக் கோணம் ஏறக்குறைய 55 டிகிரிக்கு வரும்போதுதான் உடம்புக்குள் அதிகபட்சம் இடம் இருக்கும். புழுவின் தோலிலும் ஃபேக்டரியின் பின்னல் மெஷினிலும் ஒரே எண். எனக்கு இந்தச் செய்தியில் தீராத மோகம் என்பதால் கொஞ்சம் அதிகமாகவே சொல்லிவிட்டேன்.

இனி கடைக்குப் போவோம். சித்தூரில் என் அக்கா வீட்டு மெஷினுக்கு ஹோஸ் வாங்க, ஏழாவது படிக்கும் அக்கா மகளோடு ஒரு ஹார்டுவேர் கடைக்குப் போயிருந்தேன். சித்தூரில் ஒரு வசதி, தமிழில் கேட்டாலும் தெலுங்கில் கேட்டாலும் ஹோஸ் கிடைக்கும்.

“அண்ணா, வாஷிங் மெஷினுக்கு இன்லெட் பைப் வேணும்.”

“ஃப்ரன்ட் லோடா, டாப் லோடா பாப்பா?” என்று கேட்டுக்கொண்டே கடைக்கார அண்ணன் மூன்றை எடுத்துப் போட்டார். ஒன்று சாம்பல் நிற பிவிசி. ஒன்று கறுப்பு ரப்பர். மூன்றாவது பளபளவென்று கம்பிப் பின்னல் போட்டது. மேசை டிராயரிலிருந்து ஒரு காந்தத்தை எடுத்து அதன்மேல் ஓட்டிக் காட்டினார். “பாரு பாப்பா, ஒட்டலை. அசல் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலு.”

“ஒட்டினா போலியா அண்ணா?”

“ஆமாம்மா.”

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். “நிஜமா மாமா?”

முழுக்க நிஜமில்லை. பாத்திரம் செய்யும் 304 வகை எஃகில் காந்தம் பெரும்பாலும் ஒட்டாது என்பது உண்மைதான். ஆனால் அதே எஃகை மெல்லிய கம்பியாக இழுக்கும்போது அதன் உள் அமைப்பு கொஞ்சம் மாறிவிடும், லேசாக ஒட்டும். ஆகவே லேசாக ஒட்டினாலும் நல்ல கம்பியாக இருக்கலாம். இன்னொரு பக்கம், மலிவான சில ஹோஸ்களில் அலுமினியக் கம்பிப் பின்னல் போடுகிறார்கள். அலுமினியத்தில் காந்தம் ஒட்டவே ஒட்டாது! காந்தம் இரண்டு பக்கமும் ஏமாற்றும். கடைக்காரர் பொய் சொல்லவில்லை. அவருக்கு அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருப்பார்கள்.

கம்பிப் பின்னலின் மினுக்கில் இன்னொரு விஷயம் மறைந்து போகிறது. உள்ளே இருப்பது என்னவோ அதே ரப்பரோ பிளாஸ்டிக்கோதான். அது கிழடாகிவிட்டால் வெளியே எஃகு இருந்தும் பயனில்லை. மற்ற ஹோஸில் வெடிப்பு, உப்பல் கண்ணுக்குத் தெரியும். கம்பி போட்டதில் தெரியாது. தவிர, பிளீச்சிங் பவுடர் கரைசல் அடிக்கடி தெறிக்கும் இடமாக இருந்தால் நல்ல எஃகையும் அது மெல்ல அரிக்கும். கம்பிப் பின்னல் கூடாது என்று நான் சொல்லவில்லை. அதிக அழுத்தமுள்ள வீட்டுக்கு அது நல்லதே. வாங்கிவிட்டோம், இனி கவலையில்லை என்று திரும்பிப் பார்க்காமல் விடுவதுதான் தப்பு.

பிறகு எதைப் பார்ப்பது? முதலில் ஹோஸின் உடம்பில் எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். எத்தனை பார் தாங்கும், எத்தனை டிகிரி சூடு தாங்கும் என்று அச்சடித்திருப்பார்கள். நல்ல கம்பெனி ஹோஸில் பெரும்பாலும் தயாரித்த மாதமும் இருக்கும். இந்த டிகிரி விஷயம் நம் ஊருக்கு ரொம்ப முக்கியம். குளிர்ந்த தண்ணீருக்கான சில ஹோஸ்களில் 25 டிகிரி என்று போட்டிருக்கும். மே மாதம் திருப்பதியில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். மொட்டை மாடியில் கறுப்பு டேங்க். மதியம் குழாயைத் திறந்தால் கை சுடுகிறது. ‘குளிர்ந்த தண்ணீர்’ எங்கே இருக்கிறது? 60 அல்லது 90 டிகிரி என்று போட்ட ஹோஸே நமக்குச் சரி.

அடுத்து முனைகள். ஹோஸ் நடுவில் பிய்வதைவிட முனையில் கசிவதுதான் வீடுகளில் சகஜம். மெஷின் பக்கம் மாட்டும் நட்டு முக்கால் இஞ்ச். அக்கா மகள் ஸ்கேலை வைத்து அளந்துவிட்டு, “மாமா, முக்கால் இஞ்ச்னா 19 மில்லிமீட்டர். இது 26 வருதே!” என்றாள். மரை அளவு, பைப்பின் உள் அகலத்தை வைத்துப் பெயர் பெற்றது. மரையை வெளியே அளந்தால் 26 மில்லிமீட்டர் வரும். இந்த மரையின் பூர்வீகம் இங்கிலாந்து. 1841-இல் ஜோசப் விட்வொர்த் என்பவர், நாட்டிலுள்ள எல்லாத் திருகு மரைகளும் ஒரே அளவில் இருக்கட்டும் என்று திட்டம் கொடுத்தார். அதன் வழியில் வந்ததுதான் நம் பைப் மரை. அவர் மரைப் பல்லுக்கு வைத்த கோணம் 55 டிகிரி. உடனே பின்னல் கோணத்தோடு முடிச்சுப் போடாதீர்கள். இரண்டுக்கும் சம்பந்தம் கிடையாது.

நட்டுக்குள் ஒரு தட்டையான ரப்பர் வாஷர் இருக்கும். தண்ணீரை நிறுத்துவது அந்த வாஷர். மரை அதை அழுத்திப் பிடிக்கிறது, அவ்வளவுதான். பலர் கசிவைப் பார்த்ததும் மரையில் டெஃப்லான் டேப்பைச் சுற்றோ சுற்றென்று சுற்றுவார்கள். இந்த இடத்தில் அது வீண். வாஷர் காய்ந்து கட்டையாகிவிட்டதா, கோணலாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்து மாற்றினால் கசிவு நிற்கும். கையால் நன்றாகத் திருகிவிட்டு, பெரியவர்கள் பிளையரால் கால் சுற்று கொடுத்தால் போதும். பலத்தைக் காட்டினால் பிளாஸ்டிக் நட்டு அன்றைக்கு ஒன்றும் சொல்லாது. மயிரிழை விரிசல் விட்டுக்கொண்டு, சில மாதம் கழித்து, வீட்டில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்துப் பதில் சொல்லும்.

குழாய்ப் பக்கத்தில் நம் ஊரில் ஒரு அடாப்டர் உண்டு. மரை இல்லாத சாதாரணக் குழாய் மூக்கில் மாட்டி, சுற்றிலும் நாலு ஸ்க்ரூ வைத்து இறுக்குவார்களே, அதுதான். அவசரத்துக்கு உதவும். ஆனால் நாலு ஸ்க்ரூ முனை வழவழப்பான உலோகத்தைப் பிடித்துக்கொண்டிருப்பதை நம்பி ஊருக்குப் போகக்கூடாது. பிளம்பரைக் கூப்பிட்டு, மரை உள்ள வாஷிங் மெஷின் குழாய் ஒன்றை மாட்டச் சொல்வதே மேல். இது என் திடமான கருத்து. உங்கள் அப்பாவோடு சண்டை வந்தால் என்னை இழுக்கலாம்.

நீளம்? மெஷினைச் சுவரோடு ஒட்டித் தள்ளினால் ஹோஸ் மடியும். மடிந்த இடத்தில் வழி குறுகும். வெளி வளைவில் ரப்பர் இழுபட்டு நிற்கும். இழுபட்ட ரப்பரில்தான் முதல் வெடிப்பு வரும். காற்றிலுள்ள ஓசோன் கொஞ்சமே என்றாலும் இயற்கை ரப்பரை அது வெட்டும், அதுவும் இழுபட்டிருக்கும் இடமாகப் பார்த்து. ஈபிடிஎம் என்ற செயற்கை ரப்பர் ஓசோனுக்கு அசைந்து கொடுக்காது; ஹோஸில் அந்தப் பெயரைப் பார்த்தால் நல்ல அறிகுறி. துணி பிழியும்போது மெஷின் குலுங்கும் என்பதால், ஹோஸ் இழுத்துக் கட்டினது மாதிரி விறைப்பாகவும் இருக்கக்கூடாது. பின்னால் ஒரு சாண் இடம் விட்டு, ஒரு பெரிய வளைவாகத் தொங்க வேண்டும்.

மறுபடியும் அந்த ‘டிக்’ சத்தத்துக்குப் போவோம். வால்வு மூடும் நேரத்தில் சில வீடுகளில் சுவருக்குள்ளிருந்து ‘டக்’ என்று சுத்தியலால் தட்டுவது போல ஒரு சத்தம் வரும். ஓடிவந்த தண்ணீர் திடீரென்று நின்றதால் வந்த அடி அது. இதை அளந்து சொன்னவர் ரஷ்யாவின் நிகோலாய் ஜுகோவ்ஸ்கி. 1897-98இல் மாஸ்கோவின் குடிநீர் பைப்புகளில் சோதனை செய்தார். பின்னால் விமானம் பறக்கும் அறிவியலிலும் பெரும் பெயர் எடுத்தவர். இரும்பு பைப்பில் நொடிக்கு 1 மீட்டர் வேகத்தில் வரும் தண்ணீரைச் சட்டென்று நிறுத்தினால், ஒரு கணம் சுமார் 13 பார் அழுத்தம் கூடுதலாக எழும் என்கிறது அவர் கணக்கு. 130 மீட்டர் உயர டேங்குக்குச் சமம்! வீட்டு வால்வு அவ்வளவு சட்டென்று மூடுவதில்லை, பிளாஸ்டிக் பைப்பும் ஹோஸும் கொஞ்சம் விரிந்து கொடுத்து அடியை வாங்கிக்கொள்ளும் என்பதால் முழு 13 பாரும் வராது. ஆனாலும் ஒரு முறை துவைப்பதற்குள் வால்வு பல தடவை திறந்து மூடுகிறது. ஒவ்வொரு தடவையும் ஒரு குட்டு.

இப்படிக் குட்டுப்பட்டு, வெயிலில் காய்ந்து, நீரிலுள்ள குளோரினில் ஊறி, ஹோஸுக்கு வயதாகிறது. சூடு 10 டிகிரி கூடினால் இந்த மாதிரி வேதி மாற்றங்களின் வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும் என்பது பொதுவான கணக்கு. அதனால் குளிர் நாட்டில் பத்து ஆண்டு இருக்கும் பொருள் நம் பால்கனியில் அத்தனை நாள் இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள் என்று பலர் சொல்வார்கள். வெயில் நேராக விழும் மொட்டை மாடி மெஷினுக்கு நான் மூன்று என்பேன். போர் தண்ணீர் வீட்டுக்காரர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும். ஹோஸ் மெஷினில் சேரும் இடத்தில் ஒரு சின்னச் சல்லடை இருக்கும். மணலும் உப்பும் அதில் படிந்தால் தண்ணீர் மெதுவாக வரும்; மெஷின் கெட்டுவிட்டது என்று மெக்கானிக்கைக் கூப்பிடுவார்கள். குழாயை மூடிவிட்டு, ஹோஸைக் கழற்றி, சல்லடையைப் பழைய பல் தேய்க்கும் பிரஷால் தேய்த்தால் பல நேரம் சரியாகிவிடும்.

புது மெஷின் வரும்போது ஒரு வேடிக்கை நடக்கும். “பழைய பைப்பே நல்லாத்தானே இருக்கு” என்று பழையதை மாட்டிவிட்டு, புதியதைப் பரணில் போடுவார்கள். செய்யக்கூடாது. வாஷிங் மெஷின்களுக்கான சர்வதேசப் பாதுகாப்புத் தரம் ஒன்று இருக்கிறது. ஐஇசி 60335, பகுதி 2-7. மெஷினோடு வரும் புது ஹோஸையே மாட்ட வேண்டும், பழையதைத் திரும்பப் பயன்படுத்தக்கூடாது என்ற வாசகத்தைக் கையேட்டில் போட்டே ஆக வேண்டும் என்கிறது அது. உங்கள் வீட்டுக் கையேட்டைத் தேடி எடுத்து, அந்த வரி எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று கண்டுபிடியுங்கள்.

விலை கூடிய சில மெஷின்களில் ஹோஸுக்கே ஒரு காவல்காரர் உண்டு. இரட்டைச் சுவர் ஹோஸ் அது. உள்குழல் பிய்ந்தால் தண்ணீர் வெளிக்குழலுக்குள் இறங்கி, மெஷினின் அடித்தட்டில் சேரும். அங்கே ஒரு மிதவை மேலெழும்பி, குழாய்ப் பக்கத்து முனையில் இருக்கும் இன்னொரு வால்வை மூடச் சொல்லும். அருமையான ஏற்பாடு. இல்லாதவர்கள் வருத்தப்பட வேண்டாம். செலவில்லாத ஏற்பாடு ஒன்று கையிலேயே இருக்கிறது. துவைத்து முடித்ததும் குழாயை மூடிவிடுவது. மூடிய குழாய்க்குப் பின்னால் டேங்கின் அழுத்தம் ஹோஸுக்கு வராது. பிய்ந்தாலும் ஒரு டம்ளர் தண்ணீர் சிந்தும், அவ்வளவே. திறந்திருந்து பிய்ந்தால்? நிமிடத்துக்கு 10 லிட்டர் என்று வைத்தாலும், 500 லிட்டர் டேங்க் 50 நிமிடத்தில் காலி. ராயலசீமையில் ஒரு டேங்க் தண்ணீர் எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களுக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு வேலை செய்யுங்கள். ஒரு டார்ச்சை எடுத்துக்கொண்டு, வீட்டில் ஒரு பெரியவரையும் கூட்டிக்கொண்டு மெஷினுக்குப் பின்னால் போங்கள். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஈரக் கையோடு எதையும் தொடாமல், ஹோஸை முனையிலிருந்து முனை வரை விரலால் தடவிப் பாருங்கள். எங்காவது உப்பியிருக்கிறதா, கட்டையாகிவிட்டதா, வளைவில் கீறல் இருக்கிறதா, நட்டின் அடியில் ஈரமோ வெள்ளை உப்போ துருவோ தெரிகிறதா? ஒன்று இருந்தாலும் புதுசு வாங்கச் சொல்லுங்கள். புதுசு மாட்டிய அன்றைக்கே, அழியாத மார்க்கரால் மாதத்தையும் ஆண்டையும் ஹோஸின் மேல் எழுதிவிடுங்கள். வீட்டில் யாருக்கும் அந்தத் தேதி ஞாபகம் இருக்காது.